நெல்லித்தோப்பில் கிழிந்த குரல்

ஒரு நாள் காலையில் மதாம் வீட்டுக் காபியில் மண்ணெண்ணெய் வாசனை அடித்தது. வேறு வீடாக இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டிருப்பார்கள். மதாம் கொட்டவில்லை. மேஜைமேல் டம்ளர்களை வரிசையாக வைத்தார். ஒன்றில் பழைய பாலும் புதுத் தூளும். இன்னொன்றில் பக்கத்து வீட்டுப் பாலும் பழைய தூளும். ஒன்றில் தண்ணீர் மட்டும் வேறு. ஒன்றில் சர்க்கரை கிடையாது. என்னையும் டிரைவர் மாசிலாமணியையும் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் குடிக்கச் சொன்னார்.

"மதாம், எனக்கு நாக்கே செத்துப்போச்சு" என்றார் மாசிலாமணி.

"சாவாது, குடி. இது அடிக்குதா?"

"அடிக்குது."

"இது?"

"இதுவும் அடிக்கற மாதிரிதான் இருக்குது."

"மாதிரின்னா என்னா? அடிக்குதா, அடிக்கலையா?"

சர்க்கரை போடாத டம்ளரில்தான் வாசனை இல்லை. சர்க்கரை டப்பாவின் மூடியை யாரோ விளக்குத் துடைத்த துணியால் துடைத்திருக்கிறார்கள். அது தெரிந்த பிறகுதான் மதாம் முகத்தில் சிரிப்பு வந்தது. "அலோர்" என்று சொல்லி எழுந்தார். 'சரி, அப்புறம்?' என்பதற்கு அவர் வாயில் வரும் பிரெஞ்சு வார்த்தை அது. அன்றைக்கு நாங்கள் வேலைக்குக் கிளம்பத் தாமதமாயிற்று. மாசிலாமணி வழியெல்லாம் ஏப்பம் விட்டுக்கொண்டே வண்டியை ஓட்டினார்.

ஏதாவது ஒன்று கெட்டால் அதற்குக் காரணமானது எது என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது. அதைக் கண்டுபிடிக்க அவருக்குத் தெரிந்த வழியும் ஒன்றுதான். எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பார். சரியாகவில்லையா, அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததை மாற்றுவார். "ஒண்ணொண்ணா" என்பார். "ரெண்டைச் சேத்து மாத்தினா, எது சரி பண்ணுச்சுன்னு எப்படித் தெரியும்?"

முத்தியால்பேட்டையில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை; எல்லோருக்கும் 'மதாம்'தான், 'அம்மா' என்பதற்குப் பிரெஞ்சில் சொல்லும் மரியாதை. தமிழ்க் குடும்பம்தான். ஆனால் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம், மாதா கோயில்காரர்கள். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரைக்கும் போய் வந்தவர். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயத்தில், கப்பலேறப் போன ஓர் அதிகாரியிடமிருந்து ஒரு கறுப்புக் காரை வாங்கினார். ஒரு வருஷம் ஆசையாக ஓட்டினார். பிறகு மார்வலியில் போய்விட்டார். வந்துகொண்டிருந்த பென்ஷன் வீட்டு வாடகைக்கும் மருந்துக்கும் சரியாக இருந்தது. காரை விற்றுவிடச் சொல்லி எல்லோரும் சொன்னபோது, மதாம் அதன் கூரைமேல் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளை ஏற்றினார். சினிமாக் கொட்டகை, துணிக்கடை, அம்மை ஊசி போடும் சுகாதாரக்காரர்கள் என்று யார் எதை ஊருக்குச் சொல்ல வேண்டுமென்றாலும் அந்த வண்டிதான் தெருத் தெருவாகப் போயிற்று. ஊரில் ஒரு பெண்பிள்ளை நடத்திய விளம்பர வண்டி அது ஒன்றுதான்.

அவருடைய 'ஒண்ணொண்ணா' எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். கோயில் பாட்டுக் குழுவில் ஒரு சமயம் சுருதி சேராமல் போனது. பொது விஷயம், விட்டிருக்கலாம். மதாம் விடவில்லை. ஒத்திகையில் ஒரு பாட்டுக்கு ஒருவர் வீதம் சும்மா இருக்கச் சொல்லி, மற்றவர்களைப் பாட வைத்தார். அவருடைய கொழுந்தனாரின் மனைவி வாயை மூடிய பாட்டில் சுருதி கச்சிதமாகச் சேர்ந்தது. "வுலா, இதோ!" என்று கை தட்டிவிட்டார் மதாம். கண்டுபிடித்த சந்தோஷம். ஓரகத்தியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் கை நின்றது. அதிலிருந்து அந்த வீட்டில் மதாமுக்குக் காபி ஆறித்தான் வரும்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்த கதை சின்னது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தார். என்னைப் பிரெஞ்சுப் பள்ளியில் போட்டார். நான் படித்து முடிக்கவும் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறவும் சரியாக இருந்தது. வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் 'இங்கிலீஷ் வருமா?' என்றார்கள். எனக்கு வந்தது பிரெஞ்சு, கொஞ்சம் எழுத்துக் கூட்டி இங்கிலீஷ், அப்புறம் மேடைத் தமிழ். அந்த நாளில் படிப்பகத்துக்குப் படிப்பகம் ஆண்டு விழா. அடிவயிற்றிலிருந்து குரலை எழுப்பி, 'பெருமக்களே' என்று ஆரம்பித்தால் ஓசை நயத்தோடு அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுவேன். அப்படி ஒரு விழாவில் என்னைக் கேட்டுவிட்டுத்தான் மதாம் கூப்பிட்டனுப்பினார். வீட்டுக்குச் சம்பளம் கொண்டு போகிற முதல் வேலை. அதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தெருவும் எனக்கு ஒரு மேடை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நெல்லித்தோப்பைத் தவிர.

காலையில் முத்தியால்பேட்டையில் ஆரம்பிப்போம். குரல் மணி மாதிரி இருக்கும். நகரத்தைச் சுற்றிக்கொண்டு நெல்லித்தோப்புக்குள் நுழையும்போது குழாயிலிருந்து என் குரல் கிழிந்துகொண்டு வரும். எண்ணெய்ச் சட்டியில் ஈர முருங்கைக்காயைப் போட்ட மாதிரி ஒரே பொரிச்சல். பிள்ளைகள் 'கர்ர்ர்' என்று கத்திக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடும். நான் ஒலியைக் கூட்டும் குமிழை இன்னும் திருகுவேன். இன்னும் கிழியும். குழாயடியில் தண்ணீர் பிடிக்கும் ஒரு அம்மாள் ஒரு நாள் வண்டியை மறித்தே விட்டாள்.

"ஏம்பா, என்னா படம்னு இறங்கி வந்து காதுல சொல்லிட்டுப் போயேன். புண்ணியமாப் போவும்."

"இந்தத் தெருவுங்களே இப்படித்தான், மதாம்" என்றார் மாசிலாமணி. "குறுகலு. சத்தம் செவுத்துல இடிச்சித் திரும்புது."

எனக்கும் அது சரியாகவே பட்டது. மதாமும் சில நாள் நம்பினார். நெல்லித்தோப்புக் காற்றே சரியில்லை என்றுகூடச் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை கொட்டகை முதலாளி மதாம் வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரவில்லை.

"மதாம், உங்க வூட்டுக்காரரு மேல வெச்ச மரியாதைக்கு இவ்வளவு நாள் பாத்துட்டேன். நெல்லித்தோப்புலேருந்து ஒரு ஈ காக்கா வர்றதில்ல. கடலூர்ல நாலு குழா வண்டி ஒண்ணு இருக்குது. வர்ற வெள்ளிக்கிழம படம் மாத்தறேன். அன்னிக்கு நீங்களும் வாங்க, அவனும் வரட்டும். நெல்லித்தோப்பு முக்குல ஆளுக்கு ஒரு தரம் சொல்லுங்க. நான் நின்னு கேக்கறேன். எது நல்லா இருக்குதோ அதுக்குத்தான் இனிமே."

கொட்டகை விளம்பரம்தான் வண்டிக்கு வாரம் தவறாத வேலை. அது போனால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல அன்று மாலையே கொழுந்தனார் வந்தார். வெள்ளைக் கால்சட்டை, தொப்பி, கையில் குடை.

"அண்ணி, எதுக்கு இந்தப் பாடு? வில்லியனூர்ல ஒருத்தர் காரு கேக்கறாரு. குடுத்துட்டு நம்ப வூட்டுக்கு வந்துடுங்க. பின்னாடி ரூமு சும்மாதான் இருக்குது. அவளும் சொல்றா."

'அவளும் சொல்றா' என்றபோது மதாம் என்னைப் பார்த்தார். அந்தப் பின்கட்டு அறையும், ஆறின காபியும், மிச்ச ஆயுளும் அவர் கண்ணில் வந்து போனது எனக்குத் தெரிந்தது.

"வெள்ளிக்கிழம வரைக்கும் பொறுங்க" என்றார்.

"வெள்ளிக்கிழம நானே அவரக் கூட்டிட்டு வர்றேன். வண்டிய ஓடறப்பவே பாத்துக்கட்டும்."

அவர் தெரு திரும்பும்வரை மதாம் வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து, "அலோர். ஒண்ணொண்ணா" என்றார்.

முதலில் மாற்றியது வழியை. திங்கட்கிழமை நெல்லித்தோப்பில் ஆரம்பித்து முத்தியால்பேட்டையில் முடித்தோம். நெல்லித்தோப்பில் குரல் மணி மாதிரி இருந்தது. முத்தியால்பேட்டையில், எங்கள் தெருவிலேயே, என் அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கிழிந்தது. பாவம், நெல்லித்தோப்புக் காற்றின்மேல் ஒரு குற்றமும் இல்லை. எந்த ஊர்த் தெருவாக இருந்தாலும் வெயில் ஏறிய பிறகு கிழிகிறது.

அடுத்தது, செவ்வாய்க்கிழமை காலையில், குழாய்கள். ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, குழாய்க்குள் இருக்கும் தகடு ஓய்ந்துவிட்டது, இதைவிடப் பெரிய குழாய்களாக இரண்டு வாங்கிப் போட்டால் ஊரே அதிரும் என்றார். பெரிய குழாய் போட்டால் பெரிய சத்தம் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் இருந்த நம்பிக்கை. மதாம் தலையாட்டிவிட்டு அவரை அனுப்பினார். ஒரு குழாயின் ஒயரைக் கழற்றி மற்றதை மட்டும் பேசவிட்டார். பிறகு அதைக் கழற்றி இதை. வெயில் ஏறுவதற்கு முன் இரண்டும் தனித்தனியே நன்றாகப் பேசின. சேர்ந்து பேசினால் கொஞ்சம் கரகரப்பு. மதாம் புடவைத் தலைப்பால் இரண்டு குழாய்களின் வாயையும் துடைத்தார். "உங்களப் போயித் தப்பா சொல்லிட்டேன்" என்றார், அவை மனிதர்கள் மாதிரி.

அன்று பிற்பகல் நிழலில் வண்டியை நிறுத்தி நான் பேசிக்கொண்டிருந்தேன். பின் சீட்டிலிருந்த மதாம் திடீரென்று என் தோளைத் தட்டினார்.

"தம்பி, அந்தப் பெருமக்களே இன்னொரு தரம் சொல்லு."

"பெருமக்களே!"

"இங்க பாரு."

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், முள் காட்டும் வட்டத்துக்குள் ஒரு சின்ன விளக்கு உண்டு. மாசிலாமணி மறதியாக எரியவிட்டிருந்தார். நான் 'பெரு' என்று குரலை எழுப்பும்போதெல்லாம் அது மங்கியது. 'மக்களே' முடிந்ததும் மறுபடி எரிந்தது.

"நீ கத்தறப்பல்லாம் அதுக்கு மூச்சு வாங்குது" என்றார் மதாம்.

மாசிலாமணி தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவர் சொன்னதுதான் நாங்கள் அத்தனை பேரும் கண்ணால் பார்த்தும் யோசிக்காதது. கார் பிரெஞ்சு வண்டி. அதன் பேட்டரி ஆறு வோல்ட்டு. குரலைப் பெரிசாக்கும் ஆம்ப்ளிபயர் பெட்டியை மதாம் மெட்ராசுக்குப் போய் வாங்கி வந்திருந்தார். நல்ல பெட்டி, கடைக்காரர் வேறு வேறு காட்டியும் இதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக வாங்கியது. அது இங்கிலீஷ்காரர் கார்களுக்கென்று செய்தது, பன்னிரண்டு வோல்ட்டு. அதனால் காரின் பேட்டரியோடு இன்னொரு ஆறு வோல்ட்டு பேட்டரியைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கார் ஓடும்போது டைனமோ ஊட்டுவது காரின் சொந்தப் பேட்டரிக்கு மட்டும். இரண்டாவது, கொடுத்துக்கொண்டே இருந்து எதையும் வாங்காத பிள்ளை.

"சொந்தப் பேட்டரிக்காவது ஏறுதான்னா அதுவும் இல்ல" என்றார் மாசிலாமணி. "நாம்ப போறது நடக்கற வேகம். டைனமோ எங்க சுத்தும்? ரெண்டுமே பட்டினிதான்."

"இத ஏன்யா இத்தன நாளு சொல்லல?"

"நீங்க குழாயத்தானே கேட்டீங்க, மதாம்."

நான் பெட்டியின் முதுகிலும் குழாய்களின் கழுத்திலும் ஒட்டியிருந்த தகடுகளை எழுத்துக் கூட்டிப் படித்தேன். பெட்டி கொடுக்கக்கூடியது பதினைந்து வாட்ஸ். ஒவ்வொரு குழாயும் தாங்கக்கூடியது இருபத்தைந்து. இரண்டும் சேர்ந்தால் ஐம்பது. பெட்டிக்கு இல்லாத பலத்தைக் குழாயில் தேடிக்கொண்டிருந்தோம். குமிழை முழுதும் திருகினால் பெட்டி தன் சக்திக்கு மேல் முக்குகிறது. கிழிவது அதனுடைய முனகல். ரிப்பேர்க்காரர் சொன்ன பெரிய குழாய்களை வாங்கியிருந்தால் அதே முனகலை இன்னும் நன்றாகக் கேட்டிருப்போம்.

அதைப் படித்துச் சொன்னபோது என் படிப்புக்கு முதல் தடவையாக ஒரு வேலை கிடைத்த மாதிரி இருந்தது.

இதற்குப் பிறகும் மதாம் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமை கிட்டத்தில் நிற்கிறது, நான் பறக்கிறேன். அவர் அசையவில்லை. புதன்கிழமை காலை பேட்டரிகள் இரண்டையும் சார்ஜ் போடும் கடையில் முழுதாக ஏற்றிக் கொண்டுவந்தோம். கேட்டோம். பரவாயில்லை. பிற்பகல், அழைப்பு மணிக்குப் போடுகிற மெல்லிசு ஒயரை எடுத்துவிட்டுத் தடித்த ஒயர் போட்டோம். கேட்டோம். இன்னும் பரவாயில்லை. சாயங்காலம் ஒரு குழாயைக் கூரையிலிருந்தே இறக்கிவிட்டார். பெட்டியின் முதுகில் ஒரு குழாய்க்கென்று இருந்த துளையில் ஒயரை மாற்றிச் செருகினேன்.

"ஒத்தக் குழாயா?" மாசிலாமணிக்கு மானம் போய்விட்டது. "அவன் நாலோட வர்றான், மதாம். நாம்ப ஒத்தக் கொம்பு மாடு மாதிரி போய் நிக்கணுமா?"

"பெட்டி ஒரு வாய்க்குத்தான் சோறு வெச்சிருக்குது. ரெண்டு வாயத் தொறந்து என்னா பண்றது?"

இன்னொரு காரியமும் செய்தார். ஒரு பேட்டையை முடித்து அடுத்ததற்குப் போகும் இடைவெளியில் கடற்கரைச் சாலைக்கு வண்டியைத் திருப்பச் சொல்லி, ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு முடிந்த மட்டும் வேகமாக ஓட்டச் சொன்னார். காரின் பேட்டரிக்கு ஊட்டத்தான். புடவைத் தலைப்பு பறக்க மதாம் பின் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து போவதைப் பார்த்தவர்கள், விளம்பர வண்டியில் காற்று வாங்கப் போகிறாள் என்று பேசினார்கள். பேசட்டும் என்றார்.

வியாழக்கிழமை உச்சி வெயிலிலும் குரல் தாக்குப்பிடித்தது. ஆனால் அங்கங்கே கிழிந்தது. 'வாரீர்! வாரீர்!' என்று இழுக்கும் இடத்தில். 'காணத் தவறாதீர்' என்ற இடத்தில். மதாம் வண்டியை நிறுத்தச் சொன்னார். வழி, குழாய், பேட்டரி, ஒயர் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். பிறகு என்னை, மண்ணெண்ணெய்க் காபியைப் பார்த்த மாதிரி பார்த்தார்.

"இன்னும் மாத்திப் பாக்காதது நீ ஒருத்தன்தான், தம்பி."

பாட்டுக் குழுவில் அந்த ஓரகத்திக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

மைக்கை மாசிலாமணியிடம் கொடுத்தார். அவர் கூச்சப்பட்டுக்கொண்டே, "அல்லோ... அல்லோ... வஞ்சிரம் இருக்குது, சங்கரா இருக்குது, வாங்கம்மா" என்றார். அவர் மனைவி மார்க்கெட்டில் சொல்வது. ஒவ்வொரு மீனும் துள்ளிக்கொண்டு குழாயிலிருந்து வந்தது. கிழிசலே இல்லை. எதிர் வீட்டிலிருந்து ஒருவர் நிஜமாகவே கூடையோடு வெளியே வந்துவிட்டார்.

"உங்கொரலு நல்ல கொரலுதான்" என்றார் மதாம் என்னிடம். "அதுக்குத்தானே கூப்பிட்டேன். ஆனா நீ மைக்க வாய்க்குள்ள வெச்சிக்கிட்டு அடிவயித்துலேருந்து தள்ற. இந்தப் பெட்டிக்கு அவ்வளவு தாங்காது. ஒரு சாண் தள்ளிப் பிடி. உங்கம்மாகிட்ட சேதி சொல்ற மாதிரி சொல்லு."

"அம்மாகிட்ட சொல்ற மாதிரி சொன்னா அது விளம்பரமா, மதாம்?"

"பின்ன? உங்கம்மாதானே கொட்டகைக்கு வரப்போறாங்க."

சாயங்காலம் முழுக்கப் பழகினேன். வந்தது போலவும் இருந்தது, வராதது போலவும் இருந்தது. நாலு வருஷம் படிப்பகம் படிப்பகமாக ஏறிச் சேர்த்த குரல். அதைக் கழற்றி வைக்க எனக்கு ஒரு சாயங்காலம் போதவில்லை.

வெள்ளிக்கிழமை கடற்கரைச் சாலையில் ஓடிவிட்டு நெல்லித்தோப்பு முக்குக்குப் போனபோது, கடலூர் வண்டி முன்னமே நின்றிருந்தது. நாலு திசைக்கும் நாலு குழாய். சோடாக் கடை நிழலில் நாற்காலி போட்டுக் கொட்டகை முதலாளி. அவருக்குக் கொஞ்சம் தள்ளி, குடையோடு கொழுந்தனார். பக்கத்தில் கடுக்கன் போட்ட ஓர் ஆள். கார் கேட்கும் வில்லியனூர்க்காரர். அவர் எங்கள் வண்டியைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, ஒரு காலை அதன்மேலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னா மதாம், ஒண்ணு எங்க உழுந்துபோச்சு?" என்றார் முதலாளி, கூரையைப் பார்த்து. சோடாக்கடைக்காரர் சிரித்தார்.

கடலூர்க்காரன் முதலில் பேசினான். பேசினான் என்பது மரியாதைக்குச் சொல்வது. கடையில் சோடா பாட்டில்கள் கிணுகிணுத்தன. ஒரு நாய் சாக்கடையைத் தாண்டி ஓடியது. ஒரு வார்த்தை விளங்கவில்லை. ஆனால் முதலாளியின் முகம் மலர்ந்திருந்ததைப் பார்த்தேன்.

எங்கள் முறை. மைக்கை ஒரு சாண் தள்ளித்தான் பிடித்தேன். சத்தியமாகப் பிடித்தேன். ஆனால் அந்த நாலு குழாயும், கொழுந்தனாரின் உதட்டோரச் சிரிப்பும், கூடி நின்ற ஜனமும் கண்ணில் பட்டதும் மார்பு தானாக எழும்பியது. மைக் தானாக வாய்க்கு வந்தது.

"பெருமக்களே! வாரீர்! வாரீர்!"

சின்ன விளக்கு செத்து எழுந்தது. குழாய் கிழிந்தது. "அடடா" என்றார் முதலாளி. நான் குமிழுக்குக் கையைக் கொண்டுபோனேன்.

என் கைமேல் மதாமின் கை விழுந்தது.

"நகரு, தம்பி."

முன் சீட்டுக்கு வந்து உட்கார்ந்து மைக்கை வாங்கிக்கொண்டார். குமிழைப் பாதிக்கு இறக்கினார். எங்கள் ஊரில் அதுவரை ஒரு பெண்ணும் தெருவில் குழாய் வழியாக விளம்பரம் சொன்னதில்லை. என் வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தெருவைப் பார்த்தார்.

"இன்னிக்குக் கொட்டகையில படம் மாத்தறாங்கம்மா. புதுப் படம். அழுவற படம் இல்ல, சிரிக்கற படம். சாயங்காலம் ஆறரைக்கு ஒரு ஆட்டம். பொம்பளைங்களுக்குத் தனி வாசலு. கைக்கொழந்தைக்கு டிக்கெட்டு இல்ல."

அவ்வளவுதான். கூரையோரத்துக் குருவி பறந்து போகவில்லை. ஆனால் ஒரு வார்த்தையும் சேதப்படாமல் தெருக் கோடி வரைக்கும் போனது. சன்னமான குரல். பெட்டி முக்கவில்லை. விளக்கு மங்கவே இல்லை.

முதலாளி வாயைத் திறந்தார். "பொம்பள கொரலுல போயி..."

அதற்குள் ஒரு மாடியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்துக் கத்தினாள். "மதாம், தனி வாசலுலயே டிக்கெட்டும் குடுப்பாங்களா? ஆம்பளைங்களோட இடிச்சிக்கிட்டு நிக்கணுமா?"

விளம்பர வண்டிக்கு யாரும் பதில் பேசி நான் பார்த்ததில்லை. மதாம் முதலாளியைப் பார்த்தார். முதலாளி திகைத்துப் போய், 'கொடுப்போம்' என்று தலையை ஆட்டினார்.

"அங்கியே குடுப்பாங்களாம்" என்றது குழாய்.

முன்பு வண்டியை மறித்த அந்த அம்மாள் குழாயடியில் குடத்தைக் கீழே வைத்தாள். "எத்தினி மணிக்கு உடுவாங்க? ராத்திரி உலை வெக்கணும்."

"ஒம்பதுக்குள்ள உட்டுடுவாங்க. உலைய வெச்சி எறக்கிட்டே வந்துடு."

தெரு சிரித்தது. கதவுகள் திறந்தன. கடலூர்க்காரன் பொறுக்காமல் நாலு குழாயையும் திறந்துவிட்டான். உடனே இரண்டு மூன்று பேர் அவனைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். "யோவ், நிறுத்துய்யா! அந்தம்மா சொல்றது கேக்கல!"

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டார். எங்கள் வண்டியருகே வந்து, "நெல்லித்தோப்புக்கு நீங்களே பேசறதா இருந்தா வாராவாரம் வண்டி வரட்டும்" என்றார். என்னைக் கண்ணால் காட்டி, "மத்த எடத்துக்கு இவன் இருக்கட்டும், கத்தாம" என்றார்.

அவர் நகர்ந்ததும் கொழுந்தனார் குடையை மடக்கிக்கொண்டு ஜன்னலோரம் வந்தார். முகம் சிவந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, தனக்கும் அண்ணிக்கும் மட்டும் கேட்கிற குரலில் பேச ஆரம்பித்தார்.

"அண்ணி, நம்ப குடும்பத்துப் பொம்பள நடுத்தெருவுல..."

*நம்ப குடும்பத்துப் பொம்பள நடுத்தெருவுல* என்றது குழாய், நெல்லித்தோப்பு முழுக்க, ஓர் எழுத்துக் குறையாமல்.

மைக் மதாம் மடியில்தான் இருந்தது, இன்னும் நிறுத்தவில்லை. நான் நிறுத்தக் கையை நீட்டினேன். மதாம் தலையை அசைத்துத் தடுத்தார். கொழுந்தனார் கூரையைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். வாசல்களில் நின்றவர்கள் மிச்சத்தையும் கேட்கக் காத்திருந்தார்கள்.

மதாம் மைக்கை எடுத்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். வில்லியனூர்க்காரரை நேராகப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"இந்த வண்டி விக்கறதுக்கில்ல."

தெருக் கோடியில், எங்கள் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு வீட்டிலிருந்து ஒரு கிழவர் குரல் திரும்பி வந்தது.

"விக்காத, தாயி!"

வில்லியனூர்க்காரர் டயரிலிருந்து காலை எடுத்துக்கொண்டார்.